இடம் சொன்னவர் சட்டி தூக்க வேண்டும்

அக்கா,

பரணிலிருந்து சட்டியை இறக்கியதும் வீடெல்லாம் விறகுப் புகை வாசம். கழுவித்தான் கவிழ்த்திருந்தோம். ஆனாலும் அடிப்பக்கத்துக் கரி அப்படியே இருக்கிறது. என் மகள் அதை விரலால் தொட்டுக் கன்னத்தில் ஒரு கோடு போட்டுக்கொண்டாள். நீ போட்டுவிடுவாயே, அதைப் போல.

உன் வீட்டுக்காரர் வாசலில் நின்று கேட்டார். "மாப்ளே, எந்த எடம்னு வெரசா சொல்லு. டென்ட்ட வேற காயப்போடணும்."

நான் சட்டியின் உள்பக்கத் தூசியைத் துடைத்துக்கொண்டிருந்தேன். விடுமுறைக்கு எங்கே நடப்பது, எங்கே கூடாரம் அடிப்பது என்று இடம் சொல்கிறவர்தான் சட்டி தூக்க வேண்டும். நீ போட்ட சட்டம். அதனாலேயே யாரும் வாய் திறக்க மாட்டோம். நீயே சொல்வாய், நீயே தூக்குவாய். போடிமெட்டுக்குக் கீழே தெரிந்தவர் ஏலத்தோட்டம். இன்னொரு வருடம் ஓடைக்கரை. தலையில் சும்மாடு, அதன்மேல் சட்டி, ஒரு கை வீசி, எங்களுக்கெல்லாம் முன்னால். "தூக்குறவளுக்குத்தான்டா எடத்தோட அருமை தெரியும்."

கடைசித் தடவை நீ சொன்னது ராசிங்காபுரம். அங்கே ஒரு தென்னந்தோப்பு.

"கெணறு இருக்கு, நெழல் இருக்கு. அங்கருந்து மலை முழுசாத் தெரியும்டா."

"மலையப் பாக்குறதுக்கு நம்ம மாடி போதும்க்கா."

எல்லோரும் சிரித்தார்கள். நீயும். மாமா சிரித்தாரா என்று நினைவில்லை.

"சரிடா பெரிய மனுசா. அப்ப நீ சொல்லு. சட்டி ஒனக்குத்தான்."

குரங்கணி என்றேன். காப்பித் தோட்டம் தாண்டி, மேலே. ஜீப்பு வேண்டாம், நடந்தே ஏறுவோம் என்றேன். போனில் படம் பார்த்துத் தேர்ந்தெடுத்த இடம். சட்டிக்காக நீ சண்டை போடவில்லை. அதை என் வெற்றியாக எடுத்துக்கொண்டேன்.

ஒவ்வொரு வளைவிலும் நின்றாய்.

"ஏய், நில்லுங்கடா. போடியப் பாருங்க, தீப்பெட்டிய அடுக்குன மாதிரி."

அடுத்த வளைவில் மேகம். அதற்கடுத்து வெறும் காப்பிச்செடி. "பூவப் பாருடி" என்று மகளைப் பக்கத்தில் உட்கார்த்திக்கொண்டாய். எனக்குச் சட்டி கனத்தது. "இப்படி நின்னு நின்னு போனா பொழுது அடைஞ்சாலும் போய்ச் சேர மாட்டோம்" என்று கத்தினேன். உன்னை ஒரு படமும் எடுத்தேன். பாறைமேல் இருக்கிறாய். வாய் லேசாகத் திறந்திருக்கிறது. ஒரு கை நெஞ்சில். வியப்பு என்று நினைத்தேன்.

நீ கண்மூடிய பிறகு மாமா சொன்னார். "மாடிப்படி ஏறுறதே அவளுக்குக் கஷ்டமாத்தான் இருந்துச்சு மாப்ளே. ஆஸ்பத்திரிக்கு வான்னா, லீவு முடியட்டும், புள்ளைகளோட போறதக் கெடுக்காதீகன்னுட்டா." சொல்லும்போது அவர் என்னைப் பார்க்கவில்லை.

மாடி போதும் என்றேனே. உன்னால் அந்த மாடிக்கே ஏற முடிந்திருக்காது.

உன்மேல் கோபமும் உண்டு. ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். பிறகு நினைத்துக்கொள்வேன்: சொல்லத்தான் செய்தாய். தென்னந்தோப்பு என்று சொன்னாய்.

மகளுக்கு இதெல்லாம் தெரியாது. "குரங்கணிக்கே போவோம்ப்பா, அத்தை நின்ன எடமெல்லாம் நிக்கணும்" என்கிறாள். அங்கெல்லாம் உனக்கு மூச்சு வாங்கியது என்று எப்படிச் சொல்ல. நீ காட்டியது பொய்யும் இல்லை. போடி தெரிந்தது. மேகம் இருந்தது.

"ராசிங்காபுரம்" என்றேன். "தென்னந்தோப்பு."

கூடாரத்தை உதறிக்கொண்டிருந்த மாமா நின்றார்.

"அங்க என்னப்பா இருக்கு?" என்றாள் மகள்.

"கெணறு இருக்கு. நெழல் இருக்கு. மலை முழுசாத் தெரியும்."

"மலையப் பாக்க நம்ம மாடி போதாதா?"

என் குரல் அது. அன்றைக்குக் கேட்டுச் சிரித்தவள்தானே இவளும்.

மாமா சட்டியை எடுத்து என் கையில் வைத்தார். "சொன்னவன் தூக்கு மாப்ளே."

நாளைக் காலையில் கிளம்புகிறோம். சமதரைதான், ஏற்றம் கிடையாது. ஆனாலும் அங்கங்கே நிற்பேன் அக்கா. மலையைப் பாருங்கள் என்பேன். அவர்கள் மலையைப் பார்க்கும்போது, யாருக்கு மூச்சு வாங்குகிறது என்று பார்ப்பேன்.