பதினொரு மணிக்கு மேல் வெயிலில் நிற்க வேண்டாம்

ஜார்ஜ் டவுன்
23.5.1998

அன்புள்ள அத்தானுக்கு,

உங்கள் இருமல் நின்று, மிரியில் நன்றாகத் தூங்கிச் சாப்பிடுகிறீர்கள் என்று நம்பி எழுதுகிறேன். இங்கே எனக்கு ஒரு குறையும் இல்லை. நம் மகள் புஷ்பராணி போன வாரம் கோலாலம்பூரிலிருந்து வந்து நான்கு நாள் இருந்துவிட்டுப் போனாள். பரீட்சை நன்றாக எழுதியிருக்கிறாளாம்.

உங்கள் இரண்டு கடிதங்களுக்கும் நான் பதில் போடவில்லை. கம்பெனி கொடுத்த வீட்டைப் பற்றியும், ஒவ்வொரு அறையிலும் குளிரூட்டும் ஏர்கோன் இருப்பதைப் பற்றியும் எழுதியிருந்தீர்கள். ஜூனுக்குள் நான் வேலையை விட்டுவிட்டு வர முடியுமா என்றும் கேட்டிருந்தீர்கள். டெலிபோனில் கேட்டபோது வேலை அதிகம் என்று சொல்லி வைத்துவிட்டேன். அது பாதி உண்மை. மீதியை எழுதத்தான் இப்போது உட்கார்ந்திருக்கிறேன்.

இந்த வருஷத்து வெயில் உங்களுக்குத் தெரியாது. பிப்ரவரியிலிருந்தே மழை இல்லை. சுங்கை பினாங் அடுக்குமாடிகளில் மேல்மாடிச் சுவரைச் சாயங்காலம் ஆறு மணிக்குத் தொட்டாலும் கை சுடும். எங்கள் நகராட்சி கிளினிக்கில் கூட்டம் கூடிக்கொண்டே போனது. எல்லோருக்கும் தலைவலி, தலைசுற்றல், வாந்தி. நாங்கள் மாத்திரை கொடுத்து அனுப்பிக்கொண்டிருந்தோம்.

மார்ச் பன்னிரண்டாம் தேதி சின்னையா என்பவர் வந்தார். ஐம்பத்திரண்டு வயது. சூலியா தெருப் பக்கம் சாக்கடை கழுவுகிறவர். தலை வலிக்கிறது, கால் பிடித்து இழுக்கிறது என்றார். பிரஷர் பார்த்தேன், பெனடோல் மாத்திரை கொடுத்தேன், தண்ணீர் குடியுங்கள் என்றேன். எங்கே வேலை, எத்தனை மணி நேரம் வெயிலில் நிற்கிறீர்கள் என்று கேட்கவில்லை. வெளியே இன்னும் முப்பது பேர் காத்திருந்தார்கள். மறுநாள் மதியம் ஒன்றரை மணிக்கு அவர் தெருவில் விழுந்துவிட்டார். நாணயம் மாற்றும் ஜபருல்லா அண்ணன்தான் தம் கடை முன்னாலிருந்த அஞ்சடி நடைபாதையின் நிழலுக்கு இழுத்துக் கிடத்தியவர். உடம்பு அடுப்பு மாதிரி கொதித்தது, ஒரு சொட்டு வேர்வை இல்லை என்று பிறகு என்னிடம் சொன்னார். ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்த இரண்டு மணி நேரத்தில் சின்னையா இறந்துவிட்டார்.

இதை நான் உங்களிடம் சொல்லவே இல்லை. இருபது வருஷ நர்ஸ் வேலையில் என் கை பட்டு ஒருவர் செத்தார் என்ற நினைப்பு இதுவரை எனக்கு வந்ததில்லை.

ஒரு வாரம் கழித்து, பிப்ரவரி முதல் தேதியிலிருந்து கிளினிக் பதிவேட்டைப் புரட்டினேன். தலைவலி, தலைசுற்றல் என்று எழுதப்பட்டவர்கள் நூற்று நாற்பத்து மூன்று பேர். ஒவ்வொருவராகத் தேடிப் போய் என்ன வேலை என்று கேட்டேன். எண்பத்தெட்டுப் பேர் வெயிலில் வேலை செய்கிறவர்கள். மற்றவர்களில் முக்கால்வாசிப் பேர் மேல்மாடியில் தனியாக இருக்கும் வயதானவர்கள். இதையெல்லாம் ஆறு பக்கத்தில் எழுதி டாக்டர் விஸ்வலிங்கத்திடம் கொடுத்தேன். எங்கள் சுகாதாரப் பிரிவுக்கு அவர்தான் பெரியவர். இரண்டு தடவை படித்தார். நீயே கூட்டத்தில் வந்து சொல் என்றார்.

கூட்டத்தில் பன்னிரண்டு ஆண்கள், நான் ஒருத்தி. இந்த நாட்டில் எப்போதும் சூடுதான், இதற்கு என்ன திட்டம் வேண்டியிருக்கிறது என்று ஒருவர் கேட்டார். கொசுவும் எப்போதும் இருக்கிறது, அதற்குத் திட்டம் வைத்திருக்கிறோமே என்றேன். சிலர் சிரித்தார்கள். அப்புறம் பதிவேட்டைத் திறந்து, இதில் ஐம்பத்தோரு பெயர் என் கையெழுத்தில் இருக்கிறது, அதில் ஒருவர் இறந்துவிட்டார், நான் அவரிடம் கேட்க வேண்டியதைக் கேட்கவில்லை என்று சொன்னேன். அதற்குப் பிறகு யாரும் சிரிக்கவில்லை. ஆறு வாரம் செய்து பார்க்க அனுமதி கிடைத்தது.

நான் எழுதிய திட்டத்தில் தெருக் கூட்டுகிறவர்கள் விடிகாலை நாலரைக்கே வேலை தொடங்கி, பதினொன்றுக்கு முடித்துவிட வேண்டும். பிரமாதமான யோசனை என்று எனக்கே பெருமை. தொழிலாளர்களைக் கூட்டி வைத்துச் சொன்னபோது, பின்வரிசையிலிருந்து ஒரு பெண் எழுந்தாள். சின்னையாவின் மனைவி தனலெட்சுமி. அவளும் கூட்டுகிற வேலைதான். காரியம் முடிந்து வேலைக்குத் திரும்பி மூன்று நாள்தான் ஆகியிருந்தது.

“நாலரைக்கு பஸ் ஏது மிஸ்ஸி? பிள்ளைங்கள யாரு ஸ்கூலுக்கு அனுப்புறது? நாங்க எப்பவும் போல ஆறரைக்கு வர்றோம். பதினொன்னுக்கு விட்டுருங்க, வெயில் தாழ்ந்ததும் மறுபடி வந்து மிச்சத்த முடிக்கிறோம்லா.”

அவ்வளவுதான். என் ஆறு பக்கத்தில் இல்லாதது அவள் வாயில் இருந்தது. அப்படியே மாற்றி எழுதினேன்.

கூட்டம் கலைந்ததும் அவளைத் தனியாகக் கூப்பிட்டேன். உன் புருஷன் முதல் நாள் என்னிடம்தான் வந்தார், வேலைக்குப் போகாதீர்கள் என்று நான் சொல்லியிருக்க வேண்டும் என்றேன். கையில் இருந்த துண்டை மடித்தபடியே நின்றாள்.

“தெரியும் மிஸ்ஸி. மாத்திரைய காட்டுனாரு. நீங்க சொல்லியிருந்தா கேட்டிருப்பாரோ மாட்டாரோ. ஆனா நீங்க சொல்லலையே.”

மன்னிப்பு கேட்டேன். அவள் தலையாட்டினாள், போய்விட்டாள். மன்னித்தாளா என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது. தெரிந்துகொள்ள வேண்டும் என்று இப்போது வற்புறுத்திக்கொள்வதும் இல்லை.

வேலை நடந்தது அத்தான். பதினொரு மணியிலிருந்து நாலு மணி வரை யாரும் வெயிலில் நிற்கக் கூடாது. ஜபருல்லா அண்ணன் தம் அஞ்சடியில் தண்ணீர்த் தொட்டியும் பெஞ்சும் போட்டார். அவரைப் பார்த்து மேலும் ஒன்பது கடைக்காரர்கள் போட்டார்கள். சுங்கை பினாங்கில் சமூக மண்டபத்தைப் பகலில் திறந்து மின்விசிறி ஓட விட்டோம். மேல்மாடியில் தனியாக இருப்பவர்கள் இருநூற்றுப் பன்னிரண்டு பேர். ஒவ்வொருவர் கதவையும் மதியம் ஒரு தரம் தட்ட ஆள் ஏற்பாடு செய்தோம். முதல் வாரம் திட்டினார்கள். இரண்டாம் வாரம், தட்ட அரை மணி தாமதமானால் எங்கே காணோம் என்று கேட்டார்கள்.

ஏப்ரல் கடைசியில், வாசு என்ற தையல்காரர் கதவைத் திறக்கவில்லை. பகல் ஓய்வில் கதவு தட்டும் வேலையை ஏற்றுக்கொண்டிருந்த தனலெட்சுமிதான் அன்று அந்த மாடிக்குப் போனவள். பக்கத்து வீட்டுக்காரர் சாவியால் திறந்து பார்த்தால், தையல் மிஷின் மேல் சாய்ந்து ஏதோ உளறிக்கொண்டிருந்தாராம். ஆம்புலன்ஸ்காரர் தலைவலியா, பிரஷரா என்று கேட்டிருக்கிறார். இவள், “தலைவலி இல்ல, சூடு. சூடுன்னே எழுதுங்க” என்று சொல்லிவிட்டு, ஈரத் துணியால் அவர் கழுத்தையும் அக்குளையும் துடைத்தபடியே கூடப் போயிருக்கிறாள். வாசு பிழைத்துவிட்டார். முந்தாநாள் எனக்கு இரண்டு தலையணை உறை தைத்துக் கொடுத்தார், காசு வாங்க மாட்டேன் என்கிறார்.

ஆறு வாரத்தில் எங்கள் ஆட்களில் ஒருவரும் விழவில்லை. போன புதன்கிழமை மறுபடி கூட்டம். இனி ஒவ்வொரு வருஷமும் வெயில் காலத்தில் இந்தத் திட்டம் நடக்கும் என்று முடிவாகிவிட்டது. இரண்டு வருஷத்துக்கு யார் பொறுப்பு என்று கேட்டார்கள். டாக்டர் என்னைப் பார்த்தார்.

நான் சரி என்று சொல்லிவிட்டேன். உங்களைக் கேட்காமல் சொன்னேன். யோசித்துச் சொல்கிறேன் என்று சொல்லக்கூட எனக்குத் தோன்றவில்லை. அதை உங்களிடம் மறைத்தால் நான் உங்கள் மனைவி இல்லை.

உங்களுக்குக் கோபம் வரும், தெரியும். நீங்கள் தனியாகச் சமைத்துச் சாப்பிடுவதை நினைத்து நான் அழுத நாளும் உண்டு. ஆனாலும் அந்தக் குளிர்ந்த அறையில், செய்து முடித்தவளாக என்னால் உட்கார முடியாது. இன்னும் எத்தனையோ கதவு மிச்சம் இருக்கிறது.

உங்களுக்கு வருஷ லீவு சேர்ந்திருக்குமே. ஜூலையில் இரண்டு வாரம் வந்து இருங்கள். கோபத்தோடு வந்தாலும் வாருங்கள், விமான நிலையத்துக்கு நானே வருகிறேன். வந்து, நான் செய்வதை ஒரு நாள் கூடவே நடந்து பாருங்கள். பார்த்த பிறகு என்ன சொன்னாலும் உட்கார்ந்து கேட்கிறேன்.

மருந்தை வேளை தவறாமல் சாப்பிடுங்கள். மதியம் கம்பெனி சைட்டில் வெயிலில் நிற்காதீர்கள்.

என்றும் உங்கள்,
தவமணி