காப்பு உரிமை என்று நினைத்துக் காப்புரிமைக்கு வைத்த கைரேகை

அனுப்புநர்
அப்பாதுரை (வயது 78),
த/பெ. கண்ணையன்,
மாரியம்மன் கோயில் தெரு,
புளியந்தாங்கல் கிராமம்,
திண்டிவனம் வட்டம்.

பெறுநர்
மாவட்ட ஆட்சியர் அவர்கள்,
விழுப்புரம்.

பொருள்: என் நிலத்து மல்லாட்டையை (வேர்க்கடலையை) வெளிநாட்டுக் கம்பெனி தன் கண்டுபிடிப்பாகப் பதிந்துகொண்டது – விதைக்கக் கூடாதென நோட்டீஸ் வந்தது – விதைக்க எழுத்தில் உத்தரவு கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது. நான் சொல்லச் சொல்ல மனு எழுதும் நெடுஞ்செழியன் எழுதுகிறார். நடுவில் அவர் சிரித்ததற்கு நான் பொறுப்பில்லை.

1. எங்களிடம் செந்தோல் மல்லாட்டை என்று ஒன்று உண்டு. ஒரு மழை தப்பினாலும் காய்க்கும். திருவெண்ணெய்நல்லூரிலிருந்து என் அம்மா கல்யாணமாகி வந்தபோது கூடவே வந்த விதை. ஏரி உடைந்த வருஷம் ஊரில் எல்லார் விதையும் போய், பரணில் இருந்த எங்களுடையது மட்டும் மிஞ்சியது. அன்று வாங்கிப்போனவர்கள் பெயரை இன்றும் வரிசையாகச் சொல்வேன்.

2. மூன்று வருஷத்துக்கு முன், ஆனிக் கடைசியில் கம்பெனிக்காரர் ஒருவர் காரில் வந்தார். விதை ஒரு படி கேட்டார், கொடுத்தேன். காப்புரிமைக்கு எழுதப் போகிறோம், பெரியவருக்குச் சம்மதமா என்றார். ஐயா, ஆடியில் எங்கள் அம்மனுக்குத் திருவிழா. முதல் காப்பு யார் கையில் கட்டுவது என்று எனக்கும் பங்காளி ராஜாமணிக்கும் அப்பன் காலத்துத் தாவா. அதைத் தீர்க்கத்தான் கவர்மெண்டு கார் அனுப்பியிருக்கிறது என்று நினைத்து, உரிமை எங்களுக்குத்தான் என்று எழுதிக்குங்க எனச் சொல்லிக் கைரேகை வைத்தேன். மோரும் கொடுத்தேன். ராஜாமணி வீட்டு வாசலில் நின்று, இந்த வருஷம் உன் கை வெறுங்கைதாண்டா என்றும் சொல்லிவிட்டு வந்தேன். திருவிழாவில் காப்பு அவன் கையில்தான் ஏறியது. என் கையில் ஏறியது என்ன காப்பு என்று போன மாதம்தான் தெரிந்தது.

3. என் மல்லாட்டையை வாங்கி வெளிநாட்டுக்கு அனுப்பும் திண்டிவனம் மண்டிக்காரர் விருத்தாசலம், இனி வேண்டாம் என்றுவிட்டார். அந்த நாட்டில் இதற்குக் கம்பெனி பேட்டண்ட் வாங்கிவிட்டதாம், அனுப்பினால் துறைமுகத்திலேயே பிடித்துக்கொள்வார்களாம். பின்னாலேயே வக்கீல் நோட்டீஸ் வந்தது. கம்பெனி கண்டுபிடித்த பயிரை அனுமதி இல்லாமல் விதைக்கவோ பிறருக்குக் கொடுக்கவோ கூடாதாம். கண்டுபிடித்தது உண்மைதான். என் வீட்டில், என் மூட்டையில், என் கண்ணெதிரில்தான் கண்டுபிடித்தார்.

4. வேளாண்மை அதிகாரி ஒருவரைப் பார்த்தேன். அந்த நாட்டில் ஆட்சேபணை செய்ய, இந்த ரகம் முன்பே இருந்ததற்கு அச்சில் ஆதாரம் வேண்டும் என்றார். எங்கள் மல்லாட்டையைப் பேப்பரில் எழுதுகிற வழக்கமில்லை என்றேன். அம்மா கல்யாணத்திலிருந்து அத்தனையும் சொன்னேன். வாய்ச்சொல் சாட்சி ஆகாது என்றார். அதே வாயால், நம் நாட்டில் பயிருக்குப் பேட்டண்ட் கிடையாது, விவசாயி தன் விதையைத் தாராளமாக விதைக்கலாம், தைரியமாகப் போங்க என்றார். அதை எழுதிக் கொடுங்க என்றேன். அந்த அதிகாரம் தனக்கு இல்லையாம். நான் வாயால் சொன்னால் கதை. அவர் வாயால் சொன்னால் சட்டம்.

ஆகையால், விதைக்கலாம் என்கிற சட்டத்தை முத்திரை போட்டு எழுத்தில் தர வேண்டும். நான் ரேகை வைத்த காகிதத்தைக் கம்பெனியிடம் கேட்டு வாங்கி, அதில் இருப்பதை எனக்குப் படித்துக் காட்டச் செய்ய வேண்டும். ஆட்சேபணைக்கு ஊரில் ஆள் விட்டு வாய்ச்சாட்சியை எழுதி வாங்க வேண்டும். ராஜாமணியும் வந்து சொல்வான். என் பேச்சை அவன் ஒத்துக்கொள்வது இது ஒன்றில்தான். அவன் நிலத்திலும் இதே விதை.

நிலம் உழுது கிடக்கிறது. விதைக் காயை உரித்தாயிற்று, உரித்த பருப்பு கோப்பு நகரும்வரை காத்திருக்காது. எனவே மார்கழி முதல் வெள்ளியன்று விதைக்கிறேன். அது குற்றம் என்றால், கைது செய்ய வருபவர்களைப் பங்குனியில் அனுப்பும்படி பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். அப்போது செடி பிடுங்க ஆள் கிடைப்பதில்லை.

இடம்: விழுப்புரம்
நாள்: 08.12.2025

உத்தரவையும் மழையையும் எதிர்பார்த்திருக்கும்,
அப்பாதுரை
(இடது கைப் பெருவிரல் ரேகை)