பக்கத்து இருக்கையின் பெடல்

செப்டம்பர் 8, ஞாயிறு
ஆராதனை முடிந்து திரும்பும்போது அணைக்கரை முழுக்கக் கூட்டம். படகு விட ஆரம்பித்து இரண்டு மாதம் ஆகிறது. எல்லாம் அன்னப் பறவை வடிவத்தில் பெடல் படகுகள். ஒன்றின் கண்ணும் ஒழுங்காக வரையப்படவில்லை.

ஒன்பது வருடத்துக்கு முந்தைய வெள்ளத்தில், சிக்கிக்கொண்ட ஷட்டரைத் திறக்கப் போன என் கணவர் இந்தத் தண்ணீருக்குள்தான் விழுந்தார். அது அவரைத் திருப்பித் தரவில்லை. அதன் மேல் இப்போது ஐஸ்கிரீம் தின்றுகொண்டு மிதக்கிறார்கள்.

செப்டம்பர் 19
வருடாவருடம் இந்நேரம், வரப்போகும் மழைக்கு இடம் வைக்கத் தண்ணீரை இறக்குவார்கள். நான் கரையில் நின்று, ஓரத்தில் தெரியும் தரையைப் பார்ப்பேன். அவருடைய மூக்குக்கண்ணாடி, பெல்ட் பக்கிள் — ஏதாவது.

இந்த வருடம் இறக்கவில்லை. தீபாவளி லீவு வரை தண்ணீர் வேண்டும் என்று படகுக் குத்தகைக்காரர் அப்துல் வஹீத் கேட்டாராம். நேரிலேயே போய்க் கேட்டேன்.

"தண்ணி கம்மியானா போட் தரை தட்டும் மேடம். உங்களுக்கு இன்னா பேஜார் இதுல?"

எனக்கு என்ன பேஜாரா!

செப்டம்பர் 27
பாஸ்டர் வந்தார். மறுபடியும் கல்லறைப் பேச்சு. "கல்லு வெறுமனே நிக்குதேம்மா. ஐயா பேரையாவது வெட்டிடலாமே."

உடல் இல்லாமல் பெயரா? பிஸ்கட் தட்டை எடுத்து மூடினேன். புரிந்துகொண்டு எழுந்துவிட்டார்.

அக்டோபர் 2
மத்தியானம் ஒரு படகு கட்டவிழ்ந்து நம் வீட்டுக்கு நேராக வந்து நின்றது. உள்ளே யாருமில்லை. வேலை செய்யும் சௌந்தரம், "காத்துதாம்மா" என்கிறாள். கொடியில் துணி அசையவே இல்லை. நான் பார்த்தேனே.

அக்டோபர் 11
மாதக் கடைசியில் புயல் வருமாம். நாளை மாலை ஷட்டர் திறக்கிறார்கள், இந்தத் தடவை அடித்தரை தெரியும்வரை இறக்குவார்களாம்.

கேட்டது கிடைத்துவிட்டது. ஆனால் எலும்பாகவே தெரிந்தால்? எவனாவது போனில் படம் பிடித்தால்? ஐயோ, இதையா இத்தனை வருஷமா கேட்டுக்கிட்டிருந்தேன்?

அக்டோபர் 12
ஷட்டர் திறக்குமுன் படகேறினேன். நான்.

"ஒத்தை ஆளுக்குத் தர்றதில்ல மேடம்," என்றார் வஹீத். என் முகத்தைப் பார்த்துவிட்டு லைஃப் ஜாக்கெட்டை நீட்டினார். கிளிப் உடைந்திருந்தது. வேறு கொண்டுவரச் சொன்னேன்.

நான் மிதித்தால் பக்கத்து இருக்கையின் பெடலும் சுற்றுகிறது. இரண்டுக்கும் ஒரே தண்டு. இன்ஜினியர் மனைவிக்கு அது தெரியும்.

நடுவில் மூட்டு வலித்துக் காலை எடுத்துவிட்டேன். படகு நிற்கவில்லை. பக்கத்துப் பெடல் சுற்றிக்கொண்டே இருந்தது — நிதானமாக, அவர் நடக்கிற வேகத்தில்.

முகத்தை நிமிர்த்திப் பார்க்கவில்லை. "எவ்ளோ நாளுங்க நான் இப்படித் தேடுறது?"

"போதும்." அதை நான் சொன்னேனா, அவரா?

கரையில் வஹீத் கை கொடுத்து இறக்கினார். "இன்னா வேகம்! ரெண்டு பேர் மிதிச்ச மாதிரி வந்துட்டீங்களே மேடம்."

அக்டோபர் 20, ஞாயிறு
"வாங்கம்மா, தரை தெரியுது," என்று சௌந்தரம் வாசலில் நின்று கூப்பிட்டாள். நீ போய்ப் பார் என்றேன்.

நாளைக் காலை கல்லறைத் தோட்டத்துக்கு ஆட்டோ சொல்லியிருக்கிறேன். பெயர் வெட்டுகிறவன் எழுத்தைக் கோணலாக வெட்டுவானாம். பக்கத்தில் நான் நிற்க வேண்டும்.