சஷ்டி நாளில் வெண்பொங்கல்

இன்று கந்த சஷ்டி. காலையிலேயே எங்கள் தி.நகர் வீட்டில் நெய்யில் மிளகு பொரியும் வாசனை. இந்த நாளில் அடுப்பே மூட்டாத குடும்பத்தில் இப்படியொரு அநியாயமா! எல்லாம் உன்னால் வந்த வினை, மகராசி.

வெண்பொங்கலைச் சாப்பிட்டுவிட்டு, கறுப்புக் கோட்டை மாட்டிக்கொண்டு என் மகள் கோர்ட்டுக்குக் கிளம்பினாள். முதல் வழக்கு. அந்தக் கோலத்தைப் பார்க்க நீ இல்லையே என்று எனக்கு உன்மேல் கோபம் கோபமாக வந்தது.

சின்ன வயதில் சஷ்டி வந்து வீட்டில் சமையல் நின்றாலே அவள் சுருண்டு விழுவாள். வாந்தி, மூச்சிரைப்பு. சாமி குத்தம் என்று பயந்தோம். திருச்செந்தூர்ப் பக்கத்து ஆட்கள் வேறென்ன செய்வோம்? அவள் உடம்பு தேறவேண்டும் என்று அடுத்த சஷ்டிக்கு விரதத்தை இன்னும் கடுமையாக்கினோம். அவளையும் இருக்க வைத்தோம்.

அந்த வருஷம் சூரசம்ஹாரத்தன்று அவள் துவண்டு கிடந்தபோதுதான் மாடிவீட்டிலிருந்து நீ இறங்கி வந்தாய். அடையாறில் ஓர் ஆய்வுக்கூடத்தில் உனக்கு வேலை. அதைத் தவிர அதுவரை உன்னைப் பற்றி எனக்கு என்ன தெரியும்?

"கொழந்தை கடைசியா எப்ப சாப்ட்டா?" என்றாய்.

"விரதம்லா" என்றார் என் மாமியார். "சாமி காரியத்துல வெளையாடக்கூடாது, தாயி."

"மாமி, ஆறு அம்மா பால் குடுத்து வளத்த பிள்ளை முருகன். ஒரு கொழந்தை பட்டினி கெடக்கறது அவனுக்கா பிடிக்கும்?"

மாமியாரே குழந்தையைத் தூக்கி என் தோளில் போட்டார். அடுத்த நிமிஷம் நாம் ஆட்டோவில் இருந்தோம். குளுக்கோஸ் ஏறியது, அவள் கண் திறந்தாள். பிறகு பரிசோதனைகள். அவளுடைய மைட்டோகாண்ட்ரியாவில் கோளாறு என்றார்கள்.

ஆஸ்பத்திரி வராண்டாவில் எனக்குப் புரியும்படி நீதான் சொன்னாய். "செல்லுக்குள்ள சக்தி பண்ற எடம்னு பள்ளிக்கூடத்துல படிச்சிருப்பே. அது அதோட நிக்காதுடி. தனக்கு முடியலேன்னா செல்லுக்குச் சொல்லும், ரத்தத்துல சேதி அனுப்பி ஒடம்பு பூராவுக்கும் சொல்லும். மூளை வரைக்கும் போகும். இவ வாந்தி எடுத்தாளே, அதுகூட அந்தச் சேதியா இருக்கலாம். நீங்கதான் காதுல வாங்கிக்கலே."

பூரணமாகக் குணமாகாது, ஆனால் வேளைக்குச் சாப்பாடு, காய்ச்சல் வந்தால் உடனே டாக்டர், மருந்து, அளவான நடை, இவை இருந்தால் சமாளிக்கலாம் என்றார்கள். அவள் பரீட்சைக்குப் போனால் நீ கடலை உருண்டையோடு வாசலில் நிற்பாய். பெசன்ட் நகர் கடற்கரையில் அவள் கையைப் பிடித்து நடப்பாய். களைத்தால் உட்காருவீர்கள், பிறகு மறுபடி நடப்பீர்கள். அவளைச் சோம்பேறி என்ற டீச்சரிடம் நீ போட்ட சண்டை இருக்கிறதே, அப்பப்பா! அவள் சட்டம் படித்து முடிக்குமுன் நீ போய்ச் சேர்ந்துவிட்டாய்.

உன் கோபம் மட்டும் என்னிடம் தங்கிவிட்டது. எங்கள் ஜவுளிக்கடையில் எந்தக் குழந்தையாவது வாடி உட்கார்ந்திருந்தால், புடவையை அப்படியே போட்டுவிட்டு அதன் அம்மாவைப் பிடித்துக்கொள்கிறேன். "ஏம்மா, பிள்ளை சாப்பிட்டுச்சா?" வியாபாரம் கெடுகிறது என்று வீட்டுக்காரர் முணுமுணுக்கிறார். முணுமுணுக்கட்டும்.

இன்று மத்தியானம் கடையில் கூட்டம் நெரியும் நேரத்தில் அவளிடமிருந்து போன் வந்தது.

"அம்மா, ஸ்டே வாங்கிட்டேன்! ஜட்ஜ் முழுசாக் கேட்டாரும்மா. பயங்கரமாப் பசிக்குது, கேன்டீனுக்கு ஓடுறேன்!"

ஓடுகிறாளாம், கேட்டாயா?