கணக்கில் சேராத தட்டு

14.7.2003, திங்கள்

இட்லி மூணு. சக்கரை போட்ட டீ ஒண்ணு. என் பொண்ணு அம்மு கூட்டிப் பாத்து முந்நூறுன்னா.

ஒரு நாளைக்கு ஆயிரத்து இருநூறு கலோரி தான். ஆஸ்பத்திரியில ஜெரினா சிஸ்டர் சீட்டு குடுத்தாங்க, எதுக்கு எவ்ளோன்னு. தொப்புள் பக்கத்துல குடல் பிதுங்கிக்கினு கீது. மீன் கூடை தூக்கித் தூக்கி வந்ததாம். எட்டு கிலோ எறக்கினா தான் ஆபரேசன், இல்லன்னா தையல் நிக்காது. அதுக்குள்ள குடல் சிக்கிக்கிச்சுன்னா உயிருக்கே ஆபத்துன்னாரு டாக்டர். அம்மு அழுதா. எனக்கு ஒண்ணும் தோணல.

துன்னறதை எல்லாம் எழுதணுமாம். அஞ்சாவது வரைக்கும் படிச்சது இதுக்காவது ஆச்சு.

16.7

கஞ்சி ஒரு சொம்பு. நெத்திலி கருவாடு நாலு. சீட்டுல கருவாடே இல்ல. "மீனுக்குப் போட்டதையே போடும்மா"ன்னா அம்மு.

19.7

என் வூட்டுக்காரர் கூட லாஞ்சுல மீன் புடிக்கப் போன விமல் கொழம்பு மீன் கொண்டாந்தான். சங்கரா. அவர் போய் நாலு மாசம் ஆச்சு, லாஞ்சுல இருந்து அவர் பங்கு மட்டும் இன்னும் வருது. நடுக்கடல்ல மார் வலிக்குதுன்னாராம். கரைக்கு வர்றதுக்குள்ள முடிஞ்சுது, விமல் மடியிலேயே. "அண்ணன் பங்கு அண்ணி. வாணாம்னு மட்டும் சொல்லாத"ன்றான்.

மத்தியானம் அவர் படத்துக்கு முன்னால தட்டு வெச்சேன். காரியம் முடிஞ்சதோட நிறுத்துன்னு எல்லாரும் சொன்னாங்க. கை கேக்க மாட்டேங்குது. ஒரு பிடி காக்காவுக்கு. மீதி? படைச்சதைக் குப்பையில கொட்ட முடியுமா? ஆறுன சோறு அவருக்கு ஆகாது, தட்டைத் தள்ளிட்டுப் போயிடுவாரு. அதனால ஆறுறதுக்குள்ள நானே துன்னுடுவேன்.

அப்பறம் என்னோடது. சோறு ஒரு கப்பு, மீன் ஒரு துண்டு. எழுதிட்டேன். பசின்னு எதுவும் தெரியல. மணி அடிச்சா துன்றேன்.

11.8, திங்கள்

ஒரு கிலோ ஏறிடுச்சு.

"இன்னாம்மா இது, பொய் எழுதிகினு வந்தியா?"ன்னாங்க ஜெரினா சிஸ்டர்.

"இல்ல சிஸ்டர். நான் துன்னது அத்தனையும் அதுல கீது."

"அப்ப மிஷின் தான் பொய் சொல்லுதா?"

ஆபரேசன் தள்ளிப் போச்சு. பஸ்ல அம்மு ஜன்னல் பக்கமே பாத்துகினு வந்தா.

23.8

தொப்புளாண்ட பிதுங்கின கட்டி கல்லாட்டம் ஆயிடுச்சு. மல்லாந்து படுத்து அமுக்கி அமுக்கி உள்ள தள்ளினேன். அம்மு கிட்ட சொல்லல.

31.8, ஞாயிறு

குப்பம்மா வந்துச்சு. அவர் தங்கச்சி. நான் அவர் தட்டை வழிச்சிட்டு எனக்குப் போட்டுக்கும்போது வாசல்ல நின்னு பாத்துகினே இருந்துச்சு.

"இன்னா அண்ணி, ரெண்டாவது பந்தியா?"

"அது அவரோடது. இது தான் என்னோடது."

"அத்த எழுதுனியா?"

"அவர் சோத்தை நான் எப்படி எழுதறது?"

அது சிரிச்சுது. சிரிச்சுகினே இருந்து அழுதுடுச்சு. "அடிப் பாவி! செத்தும் எங்கண்ணன் உன் வவுத்துல தான் ஒக்காந்துகினு கீதா?"

அம்மு அடுப்பாண்ட நின்னுகினு இருந்தா. "அப்பா தான் இல்ல. நீயும் போயிடுவியாம்மா?"ன்னா. சத்தமா கூட கேக்கல.

1.9

அவர் – சோறு ரெண்டு கப்பு. சங்கரா மூணு துண்டு. கொழம்பு. அம்மு கூட்டினா, எழுநூறுக்கு மேல.

எழுதினப்ப ஒண்ணும் ஆவல. நேத்து வரைக்கும் அவர் துன்னுகினு இருந்தாரு. எழுதினதும் அது நான் துன்னதா ஆயிடுச்சு.

3.9

தட்டு வெச்சேன். எடுக்கப் போறேன், குப்பம்மா கூடையை எறக்கிட்டு வந்து புடுங்கிக்கிச்சு. "கூடப் பொறந்தவ கீறேன். எங்கண்ணன் பங்கு இனிமே எனக்கு."

சப்பளம் போட்டு ஒக்காந்து துன்னுச்சு. பாத்துகினு இருந்தேன்.

"உப்பு கம்மி அண்ணி."

அவரும் தெனம் அதைத் தான் சொல்வாரு.

13.10

மூணு கிலோ எறங்கிக்கீது. ஜெரினா சிஸ்டர் முதுவுல தட்டுனாங்க. குப்பம்மாவுக்கு ஜாக்கெட் இறுக்கிப் புடிக்குதாம், என்னைத் திட்டிகினே தெனம் வருது.

2.12

மழை. லாஞ்சு போவல, மீனும் வரல. ரசம் வெச்சு தட்டு வெச்சேன். குப்பம்மா மூக்கை உறிஞ்சிகினே துன்னுச்சு.

27.1.2004, ஆஸ்பத்திரி

எட்டு கிலோ எறக்கிட்டேன். இன்னிக்கு கத்தி.

காலையில எதுவும் இல்ல. தண்ணி கூட குடிக்கக் கூடாதாம். எழுத ஒண்ணும் இல்ல, ஆனா அம்மு நோட்டைக் கொண்டாந்துட்டா.

குப்பம்மா காதோரம் குனிஞ்சு கேட்டுச்சு. "நான் வூட்டுக்குப் போய் சமைச்சு தட்டு வெச்சிட்டு வந்துடறேன் அண்ணி. எவ்ளோ நேரம் வெக்கணும்?"

"வெக்க வாணாம். ஆறிடும். சட்டியோட இங்க கொண்டாந்து அம்முவுக்குப் போடு. நீயும் சூடா துன்னு."

நான் தான் சொன்னேன். சொல்லிட்டு அம்முவைப் பாத்தேன். அவ குனிஞ்சு என் காலுக்குப் போர்வையை இழுத்து வுட்டா.

பக்கத்துக் கட்டில்ல யாரோ இட்லிப் பொட்டலம் பிரிக்கிறாங்க.

எனக்குப் பசிக்குது.