எங்கள் வைஃபையில் வாங்கிய கார்

அன்புள்ள அம்மாவுக்கு,

இவ்வளவு நாள் கழித்து எழுதுகிறேன், கோபித்துக்கொள்ளாதே. முட்டிவலி தேவலையா? என் பாப்பா உன்னிடம் ஒழுங்காகச் சாப்பிடுகிறாளா?

இன்று ஷோரூமில் ஒரு வேடிக்கை. ஒருவருக்கு எலெக்ட்ரிக் காரை இரண்டு மணி நேரம் ஓட்டிக் காட்டி, பேட்டரியைப் பற்றியெல்லாம் விளக்கினேன். "சூப்பரா சொன்னீங்க மேடம். உங்க வைஃபை பாஸ்வேர்டு என்ன?" என்றார். கொடுத்தேன். என் எதிரிலேயே உட்கார்ந்து, போனில் கார் செய்யும் கம்பெனியிடமே நேரடியாக வாங்கிவிட்டார்.

"இனிமே காரைத் துடைச்சுக் கொடுக்கிறதுதாம்மா நம்ம வேலை. அதுக்கு எதுக்கு நாலு பேரு?" என்று மேனேஜர் சிரித்தார். நால்வரில் கடைசியாகச் சேர்ந்தவள் நான்தான்.

அடுத்த மாதம் வந்து கூட்டிப்போவேன் என்று பாப்பாவிடம் சொல்லிவைக்காதே. அவள் பாதத்தைத் தாளில் வைத்து வரைந்து அனுப்பு. செருப்பாவது அளவாக வாங்கி அனுப்புகிறேன்.

சீக்கிரம் பதில் போடு அம்மா.