சக்கர நாற்காலிக்கு முன் ஓர் ஆங்கிலக் கேள்வி

அனுப்புநர்:
தையல்காரி,
மருந்துக்கடைச் சந்தின் கடைசி வீடு.

பெறுநர்:
தலைமை அலுவலர்,
நலத்துறை அலுவலகம்.

பொருள்: ஆங்கிலத் துணுக்குகளில் என் தேர்ச்சிக் குறைவால் கணவருக்குச் சக்கர நாற்காலி கிடைக்காதது குறித்து.

மதிப்புக்கும் அவசரமின்மைக்கும் உரிய ஐயா,

1. கட்டட வேலையில் சாரத்திலிருந்து விழுந்த என் கணவருக்கு இடுப்புக்குக் கீழே உணர்வில்லை. சக்கர நாற்காலிக்கான விண்ணப்பத்தை மருத்துவச் சான்றிதழுடன் கொடுக்க, தங்கள் ஏழாம் எண் கவுன்டருக்கு இருபத்திரண்டு வேலை நாட்கள் வந்தேன்.

2. அங்குள்ள எழுத்தர் தம்பி தினமும் கரும்பலகையில் ஓர் ஆங்கிலக் கேள்வி எழுதிப் போடுகிறார். சரியாகச் சொல்பவருக்கு முதல் டோக்கன். விடைக்கு அவர் விளக்கம் சொல்லி முடிக்கும்போது மணி பதினொன்று. ஒரு மணிக்குக் கவுன்டரை மூடிவிடுகிறார். மிச்சப் பேர் மறுநாள் புதிதாக நிற்க வேண்டும். கணவரைத் துடைத்துவிட்டு, சாப்பாடு கொடுத்துவிட்டு வரும் நான் என்றைக்கும் வரிசையின் வாலில்தான்.

3. அப்படி நின்று நான் பெற்ற கல்வி வருமாறு: காக்கைக் கூட்டத்துக்கு ஆங்கிலத்தில் 'கொலை' என்று பெயராம். சின்ன 'ஐ' எழுத்தின் தலையில் வைக்கும் புள்ளிக்குக்கூடத் தனிப் பெயர் உண்டாம். நீளமான சொற்களைக் கண்டு பயப்படுவதற்கு வைத்திருக்கும் பெயரில் முப்பதுக்கும் மேல் எழுத்துகளாம். பயந்தவன் மருத்துவரிடம் அதை எப்படித்தான் சொல்வானோ, தெரியவில்லை.

4. முதல் டோக்கனை அன்றாடம் தட்டிக்கொண்டு போகிறவர் ஓய்வுபெற்ற ஆங்கில ஆசிரியர் ஒருவர். அவருக்குத் தங்கள் அலுவலகத்தில் ஒரு வேலையும் கிடையாது. டோக்கனைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு வீட்டுக்குப் போய்விடுகிறார்.

5. பல்வலியால் அவர் வராத அன்று, ஆந்தைக் கூட்டத்துக்கு என்ன பெயர் என்று கேள்வி. ஆங்கிலத்தில் 'நாடாளுமன்றம்' என்றேன். படுத்தபடியே கைப்பேசியில் தேடித் தேடி என் கணவர் சொல்லிக் கொடுத்தது. தம்பி கைதட்டினார், வரிசையையும் தட்டச் சொன்னார். பிறகு என் காகிதங்களைப் புரட்டிவிட்டு, "அக்கா, இந்தச் சர்டிபிகேட் முப்பது நாளைக்குத்தான் செல்லும். நேத்தோட முடிஞ்சுபோச்சே! அவரைக் கூட்டிட்டுப் போய்ப் புதுசா வாங்கிட்டு வந்துடுங்க" என்றார்.

6. எங்கள் சந்தில் வண்டி நுழையாது. போன முறை அவரை மர நாற்காலியோடு நான்கு பேர் முக்குவரை தூக்கினார்கள். சந்தே வாசலில் நின்று வேடிக்கை பார்த்தது. வழி முழுக்க அவர் கண்ணை மூடிக்கொண்டிருந்தார். வலியால் அல்ல, ஐயா, வெட்கத்தால். இன்னொரு முறை அப்படித் தூக்கக் கூடாது என்று என்னிடம் சத்தியம் வாங்கியிருக்கிறார்.

ஆகவே, தங்கள் வரிசையிலேயே காலாவதியான அந்தச் சான்றிதழை அப்படியே ஏற்க வேண்டும். முடியாதென்றால் மருத்துவரை எங்கள் வீட்டுக்கு அனுப்ப வேண்டும். ஆசிரியருக்கு நிரந்தர டோக்கன் ஒன்று கொடுத்துவிட்டால் எல்லோருக்கும் நிம்மதி.

முன்பெல்லாம் நான் வீடு திரும்பியதும் என் கணவர், "இன்னைக்கு என்ன கேள்வி?" என்பார். அடுத்து, "நாற்காலி எப்ப வரும்?" என்பார். இப்போது இரண்டையும் கேட்பதில்லை. சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்கிறார். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை, ஐயா. சீக்கிரம் செய்யுங்கள்.

நாள்: சான்றிதழ் காலாவதியான ஒன்பதாம் நாள்
இடம்: ஏழாம் எண் கவுன்டர், வரிசையின் வால்

இப்படிக்கு,
(கையொப்பம்)
தையல்காரி